மறுநாளே சிவந்த கை

1. கம்பவுண்டர் கை

பெரியம்மை ஒழிப்பு வேலைக்கு என்னை வேக்சினேட்டராக எடுத்தது 1974 மார்ச் தொடக்கத்தில். அதற்கு முன்னால் ஐந்து வருஷம் தென்காசியில் ஒரு தனியார் டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தேன். ஊசி போடுவதில் எனக்கு நல்ல பெயர். "ஐயாத்துரை குத்துனா எறும்பு கடிச்ச மாதிரி கூடத் தெரியாது" என்று நோயாளிகள் டாக்டர் காதுபடவே சொல்வார்கள். அந்தத் தலைக்கனத்தோடுதான் சர்க்கார் வேலைக்குள் நுழைந்தேன். பொய் சொல்வானேன், இன்றைக்கும் அது முழுக்கப் போய்விடவில்லை.

டிரெயினிங் பத்து நாள். வேக்சின் ஆம்பூலில் உலர்ந்த பொடியாக வரும். அதற்கென்று உள்ள திரவத்தைக் கலந்து கரைக்க வேண்டும். எங்கள் ஊசி நுனியில் இரண்டாகப் பிரிந்த கவட்டை ஊசி. கரைசலில் தோய்த்தால் கவட்டைக்கு நடுவே சரியாக ஒரு சொட்டு நிற்கும். அதை மேல்கையில் வைத்து, ஊசியை நேராகப் பிடித்து, அதே இடத்தில் பதினைந்து குத்து. லேசாக ரத்தப் பொட்டு தெரிந்தால் போதும். இதையெல்லாம் ஒரே நாளில் கற்றுக்கொண்டேன்.

இன்னும் இரண்டு விஷயமும் சொன்னார்கள். ஒன்று, தோலை ஸ்பிரிட்டால் துடைக்கக் கூடாது; அழுக்கு இருந்தால் தண்ணீரால் துடைத்து உலரவிட வேண்டும். இரண்டு, பலனைப் பார்க்க ஏழாம் நாள்தான் போக வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டேன். மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை. ஐந்து வருஷம் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகப் பழகிய கைக்கு, துடைக்காமல் ஊசி எடுப்பது பல் விளக்காமல் காப்பி குடிப்பது போல. சுத்தம் செய்வது எப்படித் தப்பாகும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் வைத்துக்கொண்டேன். என் சொந்த ஸ்பிரிட் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

2. நூற்றுக்கு நூறு

என் எல்லை தென்காசிக்கும் கடையத்துக்கும் இடைப்பட்ட சில ஊர்கள். சைக்கிளில் காலையில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். ஒரு தெருவில் குத்தினால், அடுத்த தெருவுக்குப் போகிற வழியில் மறுநாளே அந்தத் தெருவைத் தாண்ட வேண்டியிருக்கும். ஏழு நாள் கழித்துத் தனியாக ஒரு நடை எதற்கு என்று, மறுநாளே கையைப் பார்த்துவிடுவேன். வரிசையாக எல்லாக் கையும் சிவந்து தடித்திருக்கும். ரிஜிஸ்தரில் 'சக்சஸ்' என்று எழுதுவேன். எழுதும்போது பேனா தானாக ஓடும்.

எங்கள் ஹெல்த் இன்ஸ்பெக்டர் பொன்னுசாமி சார் ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்துவிட்டு மற்ற வேக்சினேட்டர்களைக் கூப்பிட்டார்.

"என்னவே, உங்க கையில எல்லாம் என்ன வெசமா இருக்கு? இந்தா ஐயாத்துரையப் பாருங்க. நேத்து வந்தவன். நூத்துக்கு நூறு! நீங்க நாப்பது அம்பதுக்கே மூச்சு வாங்குதிய."

மற்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் பொறாமை என்று நினைத்தேன். அதில் ஒருவர் மட்டும், "எனக்கெல்லாம் எட்டு நாளு கழிச்சுத்தான்வே கொப்புளமே தெரியுது, உனக்கு மறுநாளே எப்படி?" என்று கேட்டார். "கை ராசி" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குக் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

3. வேப்பிலை கட்டிய வீடு

ஜூன் மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்து சீசன் தொடங்கிவிட்டது. பொன்னுசாமி சாருக்கு அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சீசன் டியூட்டி. நான் வழக்கம் போல என் சைக்கிளில்.

அந்த வருஷம் வடக்கே, பீகார் பக்கம் பெரியம்மை பலமாக இருப்பதாக எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். நம் பக்கத்தில் இல்லை. வடக்கேயிருந்து வருகிறவர்கள் மேல் ஒரு கண் வைத்திருக்கச் சொல்லி உத்தரவு. ஒரு வியாழக்கிழமை காலையில் பீடி சுற்றுகிறவர்கள் நிறைந்த ஒரு தெருவுக்குள் நுழைந்தபோது, நடுத்தெருவில் ஒரு வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. நான் சைக்கிளை விட்டு இறங்கினேன்.

வாசலில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் சுடலைவடிவு. இருபத்தைந்து வயசு இருக்கும். பக்கத்தில் விரிப்பில் அவளுடைய ஐந்து மாதக் கைக்குழந்தை இசக்கி. ஒரு மாதம் முன்னால் அந்தக் குழந்தைக்கு அம்மை குத்தியவன் நான்தான்.

"யாருக்கும்மா?" என்றேன்.

"எங்க கொழுந்தனுக்கு, அண்ணாச்சி. தாய் வந்திருக்கா."

அம்மை என்ற வார்த்தையை அந்த நேரத்தில் யாரும் வாயில் எடுக்க மாட்டார்கள். தாய் வந்திருக்கிறாள், முத்து போட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவளுடைய கொழுந்தன் மாரியப்பன் பாட்னாவில் ஒரு பலகாரக் கடையில் வேலை பார்த்தவன்.

"திங்கக்கெழம காச்சலோட வந்தாவ. நேத்துதான் முத்து போட்டிருக்கு. வாரதுக்கு முந்தி கூட வந்தவியளோட குத்தாலத்துல எறங்கிக் குளிச்சிட்டுத்தான் வந்தாவளாம்."

பாட்னா, காய்ச்சல், முத்து, குற்றாலத்துக் கூட்டம். நான்கும் என் தலைக்குள் ஒன்றன் மேல் ஒன்றாக விழுந்தன. வாசலில் நின்றபடியே உள்ளே எட்டிப் பார்த்தேன். மாரியப்பன் பாயில் படுத்திருந்தான். முகத்திலும் கையிலும் சிவந்த புள்ளிகள். கையை விரித்துக் காட்டச் சொன்னேன். உள்ளங்கையில் இரண்டு. சின்னம்மை பெரும்பாலும் வயிறு, முதுகில்தான் மொய்க்கும். பெரியம்மை முகத்தையும் கைகால்களையும் பிடிக்கும், உள்ளங்கையையும் விடாது. ஆனால் முதல் இரண்டு நாளில் பிரித்துச் சொல்வது பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம். நான் யார் சொல்ல?

இருந்தாலும் ஒரு விஷயத்தில் தைரியமாக இருந்தேன். வெளியே வந்து சுடலைவடிவிடம் சொன்னேன்.

"பயப்படாதீய. ஒங்க புள்ளைக்கு நான் குத்தியாச்சு. சக்சஸ்னு எழுதியிருக்கேன். ஒண்ணும் வராது."

அவள் கையிலிருந்த பீடி இலையைச் சுளகில் வைத்தாள்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கிடக் கூடாது. எம் மூத்தவளுக்கு நாலு வருசத்துக்கு முந்தி வேற ஒருத்தரு குத்துனாரு. மூணு நாளு கையில ஒண்ணுமே தெரியல. குத்துனாரா இல்லியான்னு எங்களுக்கே சந்தேகம். நாலாம் நாளு கடுகு கணக்கா ஒரு பொட்டு. எட்டாம் நாளு முத்து மாதிரி நின்னுது. பொறவு பொருக்கு தட்டி, இந்தா இன்னைக்கும் தழும்பு கெடக்கு. இவளுக்கு நீங்க குத்துன மறுநாளே செவந்துது. மூணாம் நாளு பாத்தா ஒண்ணும் இல்ல. தடவிப் பாத்தாலும் தெரியல. ரெண்டுல எது புடிச்சது?"

குழந்தையின் கையைத் தூக்கிக் காட்டினாள். வழவழவென்று இருந்தது. என் கண்ணுக்குத் தெரிய வேண்டிய தழும்பு அங்கே இல்லை.

"இந்தா வாரேன்" என்று சைக்கிளுக்குப் போய், பையிலிருந்த டிரெயினிங் நோட்டை எடுத்தேன். என் கையெழுத்துதான். 'ஸ்பிரிட் கூடாது. வேக்சின் செத்துவிடும்.' அதற்குக் கீழே, 'உடனே சிவந்தால் நம்பாதே. ஏழாம் நாள் பார்.' நானே எழுதி, நானே அடிக்கோடும் போட்டிருக்கிறேன். ஸ்பிரிட் காய்வதற்குள் குத்தியிருக்கிறேன். உள்ளே போனது செத்த வேக்சின். குழந்தையின் பிஞ்சுத் தோல் சிவந்தது ஸ்பிரிட் எரிச்சலாலும் பதினைந்து குத்துக் காயத்தாலும். பெரியவர்கள் கை சிவந்தது, முன்பு எப்போதோ குத்திக்கொண்ட பழக்கத்தில் செத்த வேக்சின் பட்டாலே தோல் கோபப்படும் என்பதால். மூன்று மாதமாக நான் எண்ணியதெல்லாம் இந்தச் சிவப்பைத்தான்.

திரும்பி வந்து அவளிடம் சொன்னேன். சொல்லாமல் போயிருக்கலாம். அந்த யோசனையும் ஒரு நொடி வந்தது, மறைக்க மாட்டேன்.

"மூத்தவளுக்குத்தாம்மா புடிச்சிருக்கு. இவளுக்கு நான் குத்துனது செத்த மருந்து."

"அப்ப எம் புள்ளைக்கு ஒண்ணுமே குத்தலன்னு அர்த்தம்."

"ஆமா."

அவள் குழந்தையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நீங்க எழுதிக்கிட்டுப் போனத நம்பி, திங்கக்கெழமலேருந்து இவள இந்த வீட்டுக்குள்ளயே வச்சிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

4. குற்றாலம் பஸ் ஸ்டாண்டில்

கணக்கு எனக்குத் தெரியும். பெரியம்மைக்காரனிடமிருந்து தொற்றுப் பட்ட மூன்று நான்கு நாளுக்குள் உயிருள்ள வேக்சின் உள்ளே போனால், பெரும்பாலும் நோயை முந்திவிடலாம். முத்து போடும்போதுதான் தொற்றத் தொடங்கும்; அது போட்டு ஒரு நாள் ஆகிவிட்டது. பையிலிருந்த ஆம்பூல்கள் பல நாளாக வெயிலில் சுற்றியவை; அவற்றை நம்ப எனக்கு மனம் வரவில்லை. புது ஸ்டாக் ஐஸ் பெட்டியோடு பொன்னுசாமி சாரிடம் குற்றாலத்தில் இருந்தது. நான் மிதித்த மிதியில் சைக்கிள் செயின் அறாதது ஆச்சரியம்.

எல்லாவற்றையும் கொட்டினேன். ஸ்பிரிட், மறுநாள் பார்வை, குழந்தை, மாரியப்பன். கேட்கக் கேட்க சாருக்கு முகம் வெளுத்தது.

"ஏலே, சீசன் இப்பத்தான் எடுக்கு. குத்தாலத்துல அம்மைன்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா லாட்ஜுக்காரன், கடைக்காரன் எல்லாவனும் எஞ் சட்டையப் புடிப்பான். தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். கேஸ மறைக்க முடியாதுல்லா?"

"கேஸ எவன் மறைக்கச் சொன்னான்? இப்பமே மேலிடத்துக்குத் தந்தி குடுக்கேன். அது என் வேல. நான் சொல்லுதது உன் ரிஜிஸ்தர. மூணு மாசமா நூத்துக்கு நூறுன்னு நானுல்லா கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தப் பக்கத்தயெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டுப் புதுசா எழுது. ரெண்டாந் தடவ குத்துனதுன்னு போட்டுரு. ஒருத்தனுக்கும் தெரியாது."

"கிழிச்சுப் போட்டா, எந்தெந்த வீட்டுல செத்த மருந்து குத்துனேன்னு எனக்கே தெரியாமப் போயிருமே சார். எங்கன திரும்பிப் போவேன்?"

இதை நான் வீரத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே அதுதான் என் கவலையாக இருந்தது. சார் ஐஸ் பெட்டியைத் திறந்து, புது ஆம்பூல்களை ஒரு ஐஸ் பிளாஸ்க்கில் அடுக்கத் தொடங்கினார். பஸ் ஸ்டாண்டில் ஈரத்துண்டோடு ஜனங்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள்.

"சரி. கிழிக்காத. ஒரு கோடு போட்டு அடி. பக்கத்துல தேதி எழுதி உன் கையெழுத்தப் போடு" என்றவர், நான் கிளம்பும்போது, "எனக்கும் எடம் விடு. நானும் போடுதேன்" என்றார். அந்த மனிதரைப் பற்றி அதுவரை நான் வைத்திருந்த மதிப்பு அந்த ஒரு வார்த்தையில் இரண்டு மடங்கு ஆயிற்று.

5. பால்

ஐஸ் பிளாஸ்க்கில் புது ஆம்பூல்களோடு மத்தியானத்துக்குள் அந்தத் தெருவுக்குத் திரும்பினேன். பையில் ஸ்பிரிட் பாட்டில் இல்லை. அதை எங்கே எறிந்தேன் என்று இப்போது நினைவில்லை.

வாசலில் சுடலைவடிவின் புருஷன் கணபதி நின்றான். சாதுவான ஆள். ஆனால் அன்றைக்கு வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, தாய் எறங்கியிருக்க வீடு. இங்கன ஊசி மருந்து எதுவும் ஆவாது. அவ கோவிச்சுக்கிட்டான்னா தம்பி உசுரு போயிரும். தண்ணி ஊத்துன பொறவு வாங்க."

தலைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்றால் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். நான் டிரெயினிங்கில் படித்த இங்கிலீஷையெல்லாம் எடுத்துவிட்டேன். வேக்சின், இம்யூனிட்டி, இன்ஃபெக்‌ஷன். அவன் கை கூப்பினான். கும்பிட்டுக்கொண்டே வழியை மறிக்கும் ஆளை என்ன செய்வது? எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது.

உள்ளேயிருந்து சுடலைவடிவு குழந்தையோடு வந்தாள்.

"அண்ணாச்சி, இதுக்குத் தமிழ்ல என்ன பேரு?"

"எதுக்கு?"

"நீங்க குத்துததுக்கு. எங்கம்மையெல்லாம் ஒரு பேரு சொல்லுவா."

"அம்மைப்பாலு" என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். "கேட்டியளா? தாயோட பாலு. வீட்டுக்கு வந்த தாயிகிட்ட பச்சப் புள்ளைக்குப் பாலு வாங்கிக் குடுத்தா அவளா கோவிப்பா? வேணும்னா வீட்டுக்குள்ள வேண்டாம். தெருவுல நின்னு வாங்கிக்கிடுதேன்."

கணபதி வேப்பிலையைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். பிறகு ஒதுங்கி நின்றான். அம்மைப்பால் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. சர்க்கார் உத்தியோகம் வந்ததும் 'வேக்சின்' என்று சொன்னால்தான் கௌரவம் என்று நான் அதைக் கைவிட்டிருந்தேன்.

தெருவில் வைத்து, பிஞ்சுக் கையைத் தண்ணீரால் துடைத்து, உலரும்வரை காத்திருந்தேன். அந்த இரண்டு நிமிஷம் பொறுக்க மூன்று மாதமாக எனக்கு நேரம் இருந்ததில்லை. கவட்டை ஊசியில் ஒரு சொட்டு, பதினைந்து குத்து. குழந்தை வீறிட்டது. பிறகு வீட்டில் இருந்த எல்லோருக்கும், அன்று மாலைக்குள் அந்தத் தெரு முழுவதுக்கும். மாரியப்பன் வீட்டை விட்டு வெளியே வராமல் பார்த்துக்கொள்ள ஆள் போட்டார்கள். மேலிடத்து டாக்டர் வந்து, கொப்புள நீர் எடுத்து லேபுக்கு அனுப்பினார்.

6. சத்தமில்லாத மூன்று நாள்

மறுநாள் காலையில் போனேன். குழந்தையின் கையில் ஊசிப் புள்ளிகளைத் தவிர ஒன்றும் இல்லை. சிவப்பு இல்லை, வீக்கம் இல்லை. ஒரு கையில் ஒன்றும் தெரியக் கூடாது என்று வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டிக்கொண்டேன். சனிக்கிழமையும் ஒன்றும் இல்லை.

அப்போது எனக்கு அப்படித்தான் இருக்கும் என்று தெரியுமே தவிர, ஏன் என்று தெரியாது. எண்பதுகளின் கடைசியில் ஒரு ரிஃப்ரெஷர் கோர்ஸில், மைக்ரோபயாலஜி டாக்டரம்மா ஒருவர் கொஞ்சம் சொன்னார். மிச்சத்தை ரிட்டயர் ஆன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இளையவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

நம் உடம்பில் இரண்டு காவல். ஒன்று, நோயின் ஆள் அடையாளம் தெரிந்து குறி பார்த்து அடிக்கும் படை. புது ஆள் என்றால் அது திரண்டு வர நாலைந்து நாளாவது பிடிக்கும். இன்னொன்று, பிறக்கும்போதே கூட வந்தது. யார் எவர் என்று விசாரிக்காது. அந்நியம் என்று பட்டால் சில மணி நேரத்தில் சத்தம் போடும். சிவப்பு, வீக்கம், சூடு எல்லாம் அந்தச் சத்தம்தான். வைரஸ் புகுந்த செல், இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியே விடும். பக்கத்துச் செல்கள் அந்தச் சேதியை வாங்கிக்கொண்டு கதவை அடைத்துக்கொள்ளும்.

அம்மைக் குடும்பத்து வைரஸ்கள் இங்கேதான் தங்கள் வேலையைக் காட்டுகின்றன. வைரஸ்களிலேயே இவை உருவத்தில் பெரியவை. இருநூறு மரபணு வரை சுமந்து வருகின்றன. அதில் ஒரு நல்ல பங்கு பெருகுவதற்கு அல்ல, நம்மை ஏமாற்றுவதற்கு. இன்டர்ஃபெரானை வாங்கிக்கொள்ள நம் செல்களின் மேல் ரிசெப்டர் உண்டு. வைரஸ் அதைப் போலவே போலி செய்து வெளியே மிதக்கவிடும். சேதி போலியில் ஒட்டிக்கொள்ளும், பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சேராது. வெள்ளை அணுக்களைக் கூப்பிடும் சேதிகளையும் இப்படியே வழியில் மடக்கிக்கொள்ளும். திருடன் முதலில் காவல்காரனின் விசிலைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொள்வது மாதிரி.

செல்லுக்குள்ளும் விடுவதில்லை. வைரஸ் வேலை செய்யும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. என்று ஒன்று விழும். அதைக் கண்டால் செல் தன் உற்பத்தியையே நிறுத்திவிடும், நான் செத்தாலும் நீ வளரக் கூடாது என்று. வைரஸ் அந்தத் தடயத்தின் மேல் ஒரு புரதத்தைப் போர்த்தி மறைத்துவிடும். மீறி நிறுத்தச் சொல்லும் உத்தரவு கிளம்பினால், அது போய் விழ வேண்டிய இடத்தில் ஒரு போலியை நீட்டும். ரத்தத்தில் அந்நியரைத் துளைத்துக் கொல்லும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் உண்டு. நம் சொந்தச் செல்களை அவை தாக்காமல் இருக்க நாமே வைத்திருக்கும் தடுப்புப் புரதத்தைக் காப்பியடித்து, வைரஸ் அவற்றையும் அடக்கிவிடும்.

எல்லா அம்மை வைரஸிடமும் எல்லா வித்தையும் இல்லை. மனிதனைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத பெரியம்மை நம்மிடம் ரொம்பவே தேறியது. அது தொற்றியவன் பத்துப் பன்னிரண்டு நாள் ஒரு தலைவலி கூட இல்லாமல் ரயிலேறி ஊர் வந்து சேர்வான். அம்மைப்பாலில் இருப்பது அதன் சொந்தக்காரன்தான், ஆனால் வலு குறைந்தவன். முதல் மூன்று நாள் சத்தமில்லாமல் பெருகுவான். அதற்குள் பெரிய படை மோப்பம் பிடித்து வந்து, அவனை அடித்து, அடையாளத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளும். பிறகு பெரியம்மை வந்தாலும் அந்த ஜாடையை வைத்துப் பிடித்துவிடும். உள்ளே போனது உயிரோடு இருக்கிறது என்பதற்கு அந்த மூன்று நாள் அமைதியும் அதன் பிறகு எழும் கொப்புளமும்தான் அத்தாட்சி. நான் ஸ்பிரிட் தடவிக் குத்திய கைகளில் விசிலைப் பிடுங்க ஆளே இல்லை. அதனால்தான் அவ்வளவு ஆர்ப்பாட்டம்.

இதையெல்லாம் ஒரு நுண்ணோக்கி கூட இல்லாமல், இரண்டு பிள்ளைகளின் கையை மட்டும் பார்த்துக் கண்டுபிடித்தவள் சுடலைவடிவு.

7. எட்டாம் நாள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் சைக்கிளை நிறுத்துவதற்குள் அவள் குழந்தையோடு தெருவுக்கு வந்துவிட்டாள். என் விரலைப் பிடித்துக் குழந்தையின் கையில் வைத்தாள். கடுகு மாதிரி ஒரு மேடு. எனக்குக் கண் கலங்கிவிட்டது. கூச்சமாக இருந்தது, ஆனாலும் துடைத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அது நடுவில் குழி விழுந்த முத்தாக நின்றது. சுற்றிலும் சிவப்பு வளையம். இப்போது வந்த சிவப்புதான் அசல் சிவப்பு. ரிஜிஸ்தரில் பழைய 'சக்சஸ்' கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. அதற்குக் கீழே எழுதப் போனபோது பேனா நின்றது.

"எழுதட்டுமா?" என்று அவளைக் கேட்டேன்.

"இவளுக்கு எழுதுங்க. எதிர்வீட்டுக்காரிக்கும் கடேசி வீட்டுப் பெரியவருக்கும் எழுதாதீய. ரெண்டு பேருக்கும் மறுநாளே செவந்து அடங்கிட்டு. நான் தெனமும் போயிப் பாத்தேன்."

முன்பே குத்திக்கொண்ட கையில் நல்ல பால் பட்டாலும் இப்படிச் சிவந்து அடங்கலாம், பிடித்ததா என்று சொல்ல முடியாது; அந்த இரண்டு வீட்டுக்கும் திரும்பப் போனேன். பிறகு ஒரு மாதம், அடித்த கோடுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போய், "நான் முதல்ல குத்துனது செத்துப்போன பாலு, மன்னிச்சிருங்க" என்று சொல்லித் திரும்பக் குத்தினேன். சிலர் திட்டினார்கள். ஒரு வீட்டில் விளக்குமாறு வெளியே வந்தது. வாங்கிக்கொண்டேன்.

லேப் ரிசல்ட் வந்தது. மாரியப்பனுக்கு வந்தது சின்னம்மை. குற்றாலம் சீசன் தப்பித்தது என்று பொன்னுசாமி சார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். நான் சேதி சொல்லச் சுடலைவடிவு வீட்டுக்கு ஓடினேன். இவ்வளவு அலைச்சலும் வீண் என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் வேறு சொன்னாள்.

"நல்லதாப் போச்சு அண்ணாச்சி. பெரியம்மையா இருந்து, நானும் அன்னைக்கு ஒங்ககிட்டக் கேக்காம இருந்திருந்தா, நீங்க எழுதுனத நம்பியே இவளப் பறிகொடுத்திருப்பேன்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. நன்றியிலும் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள்.

பிறகு நான் ஹெல்த் இன்ஸ்பெக்டர் ஆகி, பல நூறு பேருக்கு டிரெயினிங் கொடுத்து, ரிட்டயரும் ஆகிவிட்டேன். நல்ல வேலைக்காரன் என்று பெயரும் எடுத்தேன். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் எந்த வகுப்பிலும் முதலில் சொன்னது இதைத்தான்: உடனே தெரிகிற பலனை எழுதாதீர்கள், பொறுத்திருந்து பாருங்கள். நீங்கள் எழுதும் ஒரு வார்த்தையை நம்பி ஒரு தாய் தன் பிள்ளையை நோய் இருக்கும் வீட்டிலேயே வைத்திருப்பாள்.